வெளிநாட்டு வளர்ச்சி உதவியும் நம் மண்ணும் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஊருணிகளையும் கண்மாய்களையும் சீரமைக்கும் பணிகளில் பல ஆண்டுகளாக உடனிருந்து வருகிறேன். வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களைப் பற்றி ஊர்க் கூட்டங்களிலும், கல்லூரி மாணவர்களிடமிருந்தும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் உறவினர்களிடமிருந்தும் ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை இங்கே விடையாக எழுதியிருக்கிறேன்.

வளர்ச்சி உதவி என்கிறார்களே, அது நன்கொடையா, கடனா?

இரண்டும் உண்டு. ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் மக்கள் நலனுக்கும் இன்னொரு நாட்டின் அரசு தரும் பணத்தையே வளர்ச்சி உதவி என்கிறோம். அதில் ஒரு பகுதி திருப்பித் தர வேண்டாத மானியம். மறு பகுதி, சந்தை வட்டியைவிடக் குறைந்த வட்டிக்கு நீண்ட தவணையில் தரப்படும் கடன். அது அரசுக்கு அரசு நேரடியாகவும் வரும். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள் ஆகியவற்றின் வழியாகவும் வரும்.

நகரத்தார் தம் வணிகத்தில் மகமை என்று ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி வைத்த வழக்கத்தை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். ஏறத்தாழ அதே எண்ணத்தில், செல்வ நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று 1970-இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற சில நாடுகளே நெடுங்காலமாக அந்த அளவை எட்டி வந்திருக்கின்றன.

பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தால் போதாதா? அதில் சுற்றுச்சூழல் எங்கிருந்து வந்தது?

நல்லெண்ணத்தோடு கட்டிக் கொடுத்தவை மண்ணையும் நீரையும் கேட்காமல் கட்டப்பட்டதால் விளைந்த துன்பத்திலிருந்து வந்தது. பிரேசிலில் ஒரு நெடுஞ்சாலைக்குத் தார் போடவும் அதை ஒட்டிக் குடியேற்றங்கள் அமைக்கவும் 1980-களின் தொடக்கத்தில் உலக வங்கி கடன் கொடுத்தது. சாலை வந்ததும் ரொண்டோனியா மாநிலத்தில் குடியேறியவர்கள் அமேசான் காட்டை வேகமாக வெட்டினார்கள். பழங்குடிகளின் நிலம் பறிபோனது. எதிர்ப்பு வலுத்ததால் 1985-இல் வங்கி பணம் விடுவிப்பதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

வங்காளதேசத்தில் நடந்தது இதைவிட வேதனையானது. குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததால், 1970-களில் அரசும் யுனிசெஃப் அமைப்பும் நாடெங்கும் கைப்பம்புக் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. அந்த நோக்கத்தில் எவரும் குறை காண முடியாது. ஆனால் அந்த ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்செனிக் நஞ்சு இருந்தது. அதற்கான சோதனை அன்று வழக்கத்தில் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை; 1993-இல்தான் கண்டறியப்பட்டது. அதன்பின் கிணறு கிணறாகச் சோதித்து, நல்ல நீர் தரும் பம்புக்குப் பச்சையும் நஞ்சு உள்ளதற்குச் சிவப்புமாக வண்ணம் பூசினார்கள். கோடிக்கணக்கான மக்கள் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் அந்த நீரைக் குடித்திருந்தார்கள்.

பெரிய அமைப்புகள் இந்தத் தவறை எப்போது ஒப்புக்கொண்டன?

ஒரே நாளில் நடக்கவில்லை. 1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் சுற்றுச்சூழல் முதன்முறையாக உலக அரசியலின் பொருளானது. 1987-இல் ஐ.நா. ஆணையம் ஒன்று, வரும் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் இல்லாமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்று வரையறுத்தது. உலக வங்கி 1989-இல்தான் தன் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் உத்தரவை வகுத்தது.

நம் நாட்டுக்கும் இந்த மாற்றத்தில் பெரும் பங்கு உண்டு. நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி கொடுத்த கடனை எதிர்த்து மக்கள் போராடியதால், வங்கி தானே ஒரு தனிக் குழுவை அமைத்தது. பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையிலான அக்குழு 1992-இல் தந்த அறிக்கை, மறுகுடியமர்வும் சூழல் மதிப்பீடும் முறையாக நடக்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறியது. மறு ஆண்டு, எஞ்சிய கடன் வேண்டாம் என்று இந்திய அரசு அறிவித்தது. அதே 1993-இல், பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக முறையிடுவதற்கென உலக வங்கி ஓர் ஆய்வுக்குழுவை உருவாக்கியது. நர்மதைக் கரையில் நின்று போராடிய எளிய மக்கள் உலகத்துக்கே பெற்றுத் தந்த உரிமை அது என்பதை மாணவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி வருகிறேன்.

திட்டத்தில் சுற்றுச்சூழலை இணைப்பது என்று எழுதுகிறார்களே, நடைமுறையில் அதற்கு என்ன பொருள்?

தாளில் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் திட்டத்தால் வரக்கூடிய பாதிப்பு எவ்வளவு பெரியது என்று தரம் பிரிப்பார்கள். பிறகு பாதிப்பை மதிப்பிடுவார்கள். அதைத் தவிர்க்கவோ குறைக்கவோ வழி வகுப்பார்கள். வேலை நடக்கும்போது கண்காணிப்பார்கள். உலக வங்கி 2018 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தும் விதிகளில் இதற்குப் பத்து நெறிகள் உள்ளன.

ஆனால் இந்த வரிசை எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், வெளிநாட்டு நிதி பெற்ற ஒரு தொண்டு நிறுவனம் ஊருணியை ஆழப்படுத்த வந்தது. கரையில் பெயர்ப்பலகை நட்டார்கள், பொக்லைன் இறங்கியது. இரண்டாம் நாள் படித்துறையில் நின்றிருந்த ஓர் ஆச்சி, "களி தெரிஞ்சா நிறுத்திருங்கப்பா, அதுக்குக் கீழே போகாதீங்க" என்று ஓட்டுநரிடம் சொன்னார்கள். எத்தனை கன மீட்டர் தோண்டினோம் என்பதே ஒப்பந்தத்தில் கணக்கு என்பதால் தோண்டல் நிற்கவில்லை. தரைக்கு அடியில் தலைமுறைகளாகப் படிந்து நீரைத் தாங்கிக்கொண்டிருந்த அந்தக் களிமண் முழுவதும் லாரியில் ஏறிப் போனது. கீழே செம்புறாங்கல் சரளை தெரிந்தது. ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியதைப் படம் எடுத்து அறிக்கையில் சேர்த்தார்கள். முன்பு சித்திரை வரை குடம் நிறைந்த அந்த ஊருணியில், தை பிறப்பதற்குள் தரை தெரிந்துவிட்டது.

அந்தத் திட்டக் கோப்பிலும் சுற்றுச்சூழல் மதிப்பீடு என்று ஒரு தாள் இருந்தது. மரம் எதுவும் வெட்டப்படவில்லை, யாரும் இடம்பெயரவில்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்று அதில் எழுதியிருந்தது. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் விழும் கூரைநீர்கூட தெருவோரக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி ஊரை அமைத்த இடம் இது. மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் எது, களி எத்தனை அடியில் இருக்கிறது, நிரம்பினால் மிகுநீர் எங்கே போகும் என்று தோண்டுவதற்கு முன் கேட்டிருந்தால், வரைபடமே வேறாக இருந்திருக்கும். இணைப்பது என்றால் நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்.

எங்க பக்கத்துக் கண்மாய்களுக்கெல்லாம் வெளிநாட்டுப் பணம் வந்திருக்கா?

தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது. 1981-இல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்துக்கு சுவீடன் நாட்டின் உதவி அமைப்பு நிதி தந்தது. கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் நாட்டுக்கருவேலங் கன்றுகள் நடப்பட்டன. 1984-இலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியில் கண்மாய் நவீனமயத் திட்டம் நடந்தது. 1997 முதல் ஜப்பானின் கடனில் காடு வளர்ப்பும், 2007 முதல் உலக வங்கிக் கடனில் நீர்நிலைகளைச் சீரமைக்கும் பெருந்திட்டமும் நடந்தன.

இவற்றால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கருவேல மரங்கள் விறகு தந்தன. ஏலத்தில் ஊராட்சிகளுக்கு வருமானம் வந்தது. ஆனால் கண்மாயில் நீர் தேங்கும் உள்வாயில் மரம் நின்றால் வண்டல் எடுப்பது கடினம். ஆடு மாடு மேய்ந்த இடமும் குறையும். அதேபோல, மடைக்குக் கீழே வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசும் வேலை கண்ணுக்குத் தெரியும், அளக்கவும் எளிது. மடைக்கு மேலே, இரண்டு மூன்று ஊர்களைக் கடந்து வரும் வரத்துக்காலைச் சீராக்குவதற்கு ஊர்களோடு பேச வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். திட்டங்கள் எளிதானதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கின்றன.

மரம் நடுவது நல்லதுதானே, அதிலுமா குறை சொல்வீர்கள்?

எந்த மரம், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. சீமைக்கருவேலமும் வறண்ட நிலத்துக்கு விறகு கிடைக்கட்டும் என்ற நோக்கத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று சிவகங்கையிலும் இராமநாதபுரத்திலும் அது இறங்காத கண்மாய் அரிது. தைலமரத் தோட்டங்களில் நீரைத் தேக்கப் போடும் வரப்புகள் கண்மாய்க்கு வரும் மழைநீரை மறிக்கின்றன என்பதும் புதுக்கோட்டை, சிவகங்கை உழவர்களின் நெடுநாள் முறையீடு.

எத்தனை இலட்சம் கன்று நட்டோம் என்ற கணக்கை நான் நம்புவதில்லை. நம் கோயில் காடுகளில் உலக்கைப்பாலையும் வீரையும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கின்றன. வெட்டாமல் காப்பதற்கும் உதவி நிதி தரலாம் என்று கொடைநாடுகள் இன்னும் முழுமையாக உணரவில்லை.

மொத்த உதவியில் எவ்வளவு சுற்றுச்சூழலுக்குப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொடைநாடுகளின் கூட்டமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம் 1998 முதல் ரியோ குறியீடுகள் என்ற முறையை வைத்திருக்கிறது. பல்லுயிர்ப் பாதுகாப்போ, காலநிலையோ, பாலைவனமாதலைத் தடுப்பதோ திட்டத்தின் முதன்மை நோக்கமானால் 2, முக்கியமான துணை நோக்கமானால் 1, இல்லையென்றால் 0 என்று குறிப்பார்கள். குறிப்பவர் பணம் கொடுப்பவரே என்பதை மறக்கக் கூடாது. 1 என்று குறித்த திட்டத்தின் முழுத் தொகையையும் சில நாடுகள் கணக்கில் காட்டுகின்றன, சில நாடுகள் ஒரு பங்கை மட்டும் காட்டுகின்றன. ஐந்தொகை பார்த்துப் பழகிய ஊரார்க்கு இதில் உள்ள நெளிவு உடனே விளங்கும்.

காலநிலை நிதி என்று இப்போது பேசுகிறார்களே, அது வேறு பணமா, இதே பணமா?

காலநிலை மாற்றத்தைத் தடுக்கவும் தாங்கவும் ஏழை நாடுகளுக்குத் தரப்படும் பணம் அது. வேறாக இருக்க வேண்டும் என்பதே அந்நாடுகளின் கோரிக்கை. புகையைக் கக்கி வளர்ந்தவர்கள் தரும் ஈடு, ஏற்கெனவே கொடுத்து வந்த உதவியில் கழிக்கப்படக் கூடாது. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாகச் செல்வ நாடுகள் 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் வாக்குறுதி தந்தன. அவர்களுடைய கணக்கின்படியே அது 2022-இல்தான் நிறைவேறியது. அதிலும் பெரும்பகுதி கடன். 2024-இல் பாகு நகரில் கூடிய காலநிலை மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய இலக்கு வைத்தார்கள்.

2010-இல் தீர்மானிக்கப்பட்ட பசுமைக் காலநிலை நிதியம் தென்கொரியாவிலிருந்து இயங்குகிறது. ஒடிசாவில் பழங்குடிப் பகுதிகளின் குளங்கள் வழியாக நிலத்தடி நீரைப் பெருக்கும் திட்டத்துக்கு, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான நபார்டு வங்கி மூலம் அது நிதி அளித்திருக்கிறது. குளத்தைச் சீர்செய்வது காலநிலைக்கான பணி என்று உலகம் ஏற்றுக்கொண்டிருப்பது, ஊருணியும் கண்மாயும் உள்ள நமக்குப் பயன்படக்கூடிய செய்தி.

அண்ணே, வயிற்றுக்கே இல்லாதவனிடம் போய்ச் சுற்றுச்சூழல் பேசலாமா?

மிக நியாயமான கேள்வி. வறுமையும் தேவையும் அல்லவா மிகப் பெரிய மாசுபடுத்திகள் என்று இந்திரா காந்தி 1972-இல் அதே ஸ்டாக்ஹோம் மேடையில் கேட்டார். வசதியுள்ளவர் தண்ணீரைக் கேனில் வாங்கிக்கொள்வார். ஊருணி வற்றினால் இரண்டு கல் தொலைவு நடப்பவர் ஏழைப் பெண். ஆகவே சூழலைக் காப்பது ஏழைக்கு எதிரானது என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஏழையின் பிழைப்பைக் கணக்கில் வைக்காத சூழல் பாதுகாப்பு கொடுமையாகிவிடும். சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். அந்த மரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. வெட்டிய இடத்தில் மேய்ச்சல் புல்லோ வேறு விறகோ வருவதற்குள் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் பார்த்த கூட்டங்களில் எவரும் கேட்கவில்லை. வெட்டும் செலவோடு அந்த இடைக்காலக் கூலியையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

நம் முன்னோர் பர்மாவில் கொடுத்த கடனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அது உதவி அன்று, வட்டித் தொழில். ஆனாலும் பணம் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோர் இடத்தின் நிலத்தை எப்படி மாற்றும் என்பதற்கு நம் வீட்டிலேயே உள்ள சான்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்குச் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் காடுகளும் சதுப்புகளும் திருத்தப்பட்டு வயலாயின. திருத்திய உழவருக்குக் கடன் போன இடங்களில் முதன்மையானவை கொண்டு விற்கப் போன நம் நகரத்தாரின் பெட்டியடிகள் எனப்பட்ட வட்டிக்கடைகள். 1930-களில் நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு வயல் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அது பர்மா உழவருக்கும் துயரம், நம்மவர்க்கும் துயரம்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அதே கழிமுகத்தைத் தாக்கி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடல் அலையைத் தணித்திருக்கக்கூடிய அலையாத்திக் காடுகள் பல பத்தாண்டுகளாக வயலுக்கும் விறகுக்கும் இறால் பண்ணைக்கும் அழிந்திருந்தன. பழியை ஒருவர் தலையில் வைப்பதற்காக இதை எழுதவில்லை. பெட்டியடியின் பேரேட்டில் நெல்லுக்கும் நிலத்துக்கும் பற்று வரவு இருந்தது. காட்டுக்கு ஒரு பத்தி இல்லை. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

இந்தியா இப்போது உதவி வாங்குகிற நாடா, கொடுக்கிற நாடா?

இரண்டும்தான். 1964 முதலே பிற நாட்டவர்க்குத் தொழில்நுட்பப் பயிற்சி தந்து வருகிறோம்; 2012-இல் வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கெனத் தனிப் பிரிவே ஏற்பட்டது. அதனால் கொடுப்பவருக்குரிய பொறுப்பும் நம்மைச் சேர்கிறது. வங்காளதேசத்தில் சுந்தரவனக் காடுகளுக்கு அருகே ராம்பாலில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் இந்தியக் கூட்டு முயற்சியிலும் கடனிலும் எழுந்தது. 2016-இல் யுனெஸ்கோ குழு அதை வேறிடத்துக்கு மாற்றும்படி பரிந்துரைத்தும் அதே இடத்தில் கட்டப்பட்டது. நர்மதையில் நாம் உலக வங்கியிடம் கேட்ட கேள்வியை, இங்கே நம்மிடம் கேட்க அந்த ஊர் மக்களுக்கு உரிமை உண்டு.

திட்டத்தால் கெடுதல் வந்தால் எங்கே போய் முறையிடுவது?

உலக வங்கித் திட்டமானால் மேலே சொன்ன ஆய்வுக்குழுவிடம் முறையிடலாம். பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது இருவர் சேர்ந்து எழுத வேண்டும், தமிழிலேயே எழுதலாம். ஆசிய வளர்ச்சி வங்கியிலும், உலக வங்கிக் குழுமத்தில் தனியார் தொழில்களுக்குக் கடன் தரும் சர்வதேச நிதிக் கழகத்திலும் இதுபோன்ற தனி அமைப்புகள் உள்ளன.

குஜராத்தின் முந்திரா அனல்மின் நிலையத்தால் வாழ்வு கெட்டதாக மீனவர்களும் உழவர்களும் அந்த நிதிக் கழகத்தின் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். இத்தகைய அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. பின்னர் கீழ் நீதிமன்றங்கள் வேறு காரணத்தால் வழக்கை ஏற்கவில்லை என்றாலும், அந்தத் தீர்ப்பு நிற்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் ஊருணி வேலைக்குப் பணம் அனுப்ப ஆசைப்படுகிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் சட்டம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும். வாங்கும் அறக்கட்டளை அதற்குரிய பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்தின்படி அந்தப் பணம் தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் வந்து சேர வேண்டும். பிற அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது.

அடுத்து வேலை. பெயர்ப்பலகைக்கும் கிரானைட் படிக்கும் முன்பாக வரத்துக்காலை நடந்து பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும்போதே நடந்து பாருங்கள், நீர் எங்கே மறிபடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். களியைத் தொடாதீர்கள். எடுத்த வண்டல் யார் வயலுக்குப் போகிறது என்பதை ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். அனுப்பும் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியே வைப்புநிதியாகப் போட்டுவிடுங்கள். கொடுப்பவர் மனம் மாறலாம்: பல நாடுகளில் பணியாற்றிய அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு 2025-இல் இழுத்து மூடப்பட்டபோது, பாதியில் நின்ற வேலைகள் ஏராளம்.

வேலை முடிந்தபின் பலன் கிடைத்ததா என்று எப்போது தெரியும்?

குறைந்தது மூன்று மழைக்காலம் பார்க்க வேண்டும். திட்டங்கள் பெரும்பாலும் முதல் மழைக்கு முன்பே நிறைவு அறிக்கை எழுதிவிடுகின்றன. களி போன அந்த ஊருணியில் ஊரார் பிற்பாடு கண்மாயிலிருந்து களியும் வண்டலும் கொண்டுவந்து கொட்டி, நீர் விட்டு, மாடுகளை இறக்கி மிதிக்க வைத்தார்கள். வெளியார் பணம் அதில் ஒரு ரூபாயும் இல்லை. படித்துறைச் சுவரில் அடிக்கணக்கைப் பெயின்டால் எழுதி, கார்த்திகை, தை, பங்குனி மாதங்களின் முதல் நாளில் நீர்மட்டத்தை ஒரு நோட்டில் குறித்து வருகிறோம். முதல் ஆண்டு மாசியில் வற்றியது. இரண்டாம் ஆண்டு பங்குனி முதல் நாளில் இரண்டடி நீர் நின்றது. மூன்றாம் ஆண்டுக்கான பக்கத்தில் கார்த்திகைக் கணக்கு மட்டும் எழுதியிருக்கிறது.